அல்தீனாவின் பதினோரு பக்கங்கள்

மன்ஹாட்டனுக்கு ரயில் தூரத்தில் இருக்கிற எடிசனில் வீடு வாங்கிய தமிழர்களில், காற்றழுத்தம் பார்த்தே பொழுதைக் கழிக்கிற ஒரே மனிதர் வெங்கடகிருஷ்ணனாகத்தான் இருக்க வேண்டும். அதுவும் இன்றைய காற்றழுத்தம் என்றால் போகட்டும், மழை வருமா என்று பார்க்கிறார் என்று விட்டுவிடலாம். அவர் பார்ப்பது ஆயிரத்து எண்ணூற்று எண்பத்தைந்தாம் வருஷம் மே மாதம் சிட்னி துறைமுகத்தில் இருந்த காற்றழுத்தம். காலை எட்டு மணிக்கு இவ்வளவு, மத்தியானம் இவ்வளவு, கடல் நீரின் சூடு இவ்வளவு என்று ஒவ்வொன்றாகக் கணினியில் தட்டுவார். எட்டு வருஷமாக இதே வேலை.

எச்.எம்.எஸ். அல்தீனா என்பது விக்டோரியா மகாராணி காலத்து ஆங்கிலேயப் போர்க்கப்பல். ஸ்லூப் என்ற ரகம். பெரிய சண்டைக்கு லாயக்கில்லை, சில்லறை வேலைக்கென்று உலகம் முழுக்க அனுப்பிவைப்பார்கள். மூன்று பாய்மரமும் உண்டு, நீராவி எஞ்சினும் உண்டு. நல்ல காற்று வீசினால் கரியை மிச்சம் பிடிக்கப் புகைபோக்கியைக் கீழே இறக்கிவிட்டுப் பாயில் ஓடும். காற்று செத்துவிட்டால் மறுபடி அடுப்பு மூட்டும். சான்சிபார் பக்கம் அடிமைகளை ஏற்றிப்போகும் படகுகளைத் துரத்தியது, திருகோணமலையில் கரி ஏற்றியது, தென்கடல் தீவுகளைச் சுற்றிவந்தது. கடைசியில் இங்கிலாந்துக்கே திரும்பி, யாருக்கும் வேண்டாமல் நின்றது.

இந்தக் கப்பலில் அதிகாரிகள் மணிக்கு மணி எழுதிவைத்த பதிவேடுகள் அப்படியே இருந்தன. நாளுக்கு ஒரு பக்கம். பழைய வானிலையைத் தெரிந்துகொள்ள இங்கிலாந்தில் ஓர் ஆராய்ச்சிக் குழு அவற்றைப் படமெடுத்து இணையத்தில் போட்டு, 'யார் வேண்டுமானாலும் படித்துத் தட்டச்சு செய்து கொடுங்கள்' என்று கேட்டிருந்தது. கூலி கிடையாது. அதிகப் பக்கம் முடித்தவருக்குக் கேப்டன் என்று பட்டம் மட்டும் உண்டு. அல்தீனாவின் கேப்டன் என்று அந்தத் தளத்தில் இருந்த பெயர் க்ரிஷ் வெங்கடகிருஷ்ணன்.

க்ரிஷ் அவருடைய பையன். அங்கேதான் சிக்கலே.

பையன் பத்தாவது படித்தபோது எடிசனில் எல்லா வீட்டிலும் ஒரே பேச்சாக இருந்தது. மார்க் மட்டும் போதாது, நல்ல காலேஜ் வேண்டுமென்றால் வாலண்டியர் ஹவர்ஸ், அதாவது கூலியில்லாமல் சேவை செய்த மணிக்கணக்கு, காட்ட வேண்டும். சந்தானம் வீட்டுப் பெண் மானஸா முதியோர் இல்லத்தில் வீணை வாசித்தே முந்நூறு மணி நேரம் சேர்த்துவிட்டாள். கேட்ட கிழங்களின் கதி என்ன ஆயிற்றோ தெரியாது. வெங்கடகிருஷ்ணனுக்குக் கை பரபரத்தது. தேடிப் பிடித்து அல்தீனாவைக் கொண்டுவந்து பையனின் மெயில் முகவரியில் கணக்கு ஆரம்பித்து, அவனை நாற்காலியில் உட்காரவைத்தார்.

க்ரிஷ் பதினோரு பக்கம் செய்தான். பிளிமத்திலிருந்து மதீரா தீவு வரைக்கும் வந்தது கப்பல். பன்னிரண்டாவது பக்கத்தில் எழுந்துவிட்டான். கையெழுத்து புரியவில்லை, கண் வலிக்கிறது, இது யாருக்கு வேண்டும் என்றான். "ரெண்டு நாள் நான் பாத்துக்கறேன், அப்புறம் நீ கன்டின்யூ பண்ணு" என்றார் அப்பா. அந்த இரண்டு நாள் இரண்டு வருஷமாயிற்று. மன்ஹாட்டன் ஆபீசுக்கு ரயிலில் போகும்போது இரண்டு பக்கம், வரும்போது இரண்டு பக்கம். பையனுக்காகச் செய்கிறோம் என்று சொல்லிக்கொண்டாரே தவிர, உண்மையில் அவருக்கு அது பிடித்துப்போய்விட்டது. இருபது வருஷமாக இன்சூரன்ஸ் கம்பெனி ஒன்றின் பழைய புரோகிராம்களை ஒட்டுப்போட்டுக்கொண்டிருந்த மனிதருக்கு, யாரோ ஒரு லெப்டினன்ட் விடியற்காலை நாலு மணிக்குக் காற்றைப் பார்த்து எழுதிய வரி தேனாக இனித்தது. போகட்டும், அதில் தப்பில்லை. அதைப் பையன் பெயரில் போட்டதுதான் தப்பு. 'ஒரு கப்பலோடு வளர்ந்தேன்' என்று காலேஜ் கட்டுரையையும் அவரே எழுதிக் கொடுத்தார். இடம் கிடைத்தது. கோவிலில் அர்ச்சனை செய்து, ஓக் ட்ரீ ரோட்டு ஹோட்டலில் நாற்பது பேருக்குச் சாப்பாடும் போட்டார்கள்.

இரண்டாவது வருஷத்தில் ஒரு பேராசிரியர் க்ரிஷ்ஷைக் கூப்பிட்டார். பழைய புயல்களை ஆராய்கிறவர். அட்மிஷன் கட்டுரையைப் பற்றிக் கேள்விப்பட்டு, என்னோடு வேலை செய் என்று சந்தோஷமாகப் பேசினார். சான்சிபாரில் புயல் அடித்த அன்று அல்தீனாவில் காற்றழுத்தம் எப்படி இறங்கியது, உனக்கு நினைவிருக்குமே என்று கேட்டார். க்ரிஷ்ஷுக்கு அப்படி ஒரு புயல் அடித்ததே தெரியாது. பேராசிரியர் திட்டவில்லை. கொஞ்ச நேரம் அவனைப் பார்த்துவிட்டு, வேறு ஏதோ பேசி அனுப்பிவைத்தார்.

அந்த செமஸ்டரோடு படிப்பை நிறுத்திவிட்டு வீட்டுக்கு வந்தான். ஹாலில் பெட்டியை வைத்துவிட்டு நின்றபடியே ஆங்கிலத்தில் பேசினான். தமிழில் சொன்னால் இவ்வளவுதான்: "நீங்க காலேஜுக்கு அனுப்பினது வேற யாரையோ, அப்பா. அங்க போய் நான் அவனைத் தேடிட்டே இருந்தேன்."

அப்போது வெங்கடகிருஷ்ணன் வாயை மூடிக்கொண்டிருந்தாலாவது தேவலை. "எல்லா அப்பாவும் பண்றதுதானேடா. நான் ஒருத்தனா பண்ணேன்?" என்றார்.

ஒரு வாரத்தில் பையன் கலிபோர்னியாவுக்குப் போய்விட்டான். அது நடந்து மூன்று வருஷம் ஆகிறது. அம்மாவின் பிறந்தநாளுக்கு அவள் போனில் ஒரு வரி வரும். அப்பாவுக்கு அதுவும் கிடையாது. அவர் அனுப்பிய மெசேஜ்கள் எல்லாம் கிணற்றில் போட்ட கல்லாகக் கிடந்தன.

இவ்வளவுக்குப் பிறகும் அவர் ஏன் அல்தீனாவை விடவில்லை என்று மனைவி ஷ்யாமளாவுக்குப் புரியவில்லை. புரிந்த அன்று அவளுக்கு அழுகையும் எரிச்சலும் சேர்ந்து வந்தன. விஷயம் இதுதான். ஒவ்வொரு பக்கம் முடியும்போதும் அந்தத் தளத்திலிருந்து கணக்குக்காரருக்கு ஒரு மெயில் போகும். 'நன்றி க்ரிஷ், இன்ன தேதிப் பக்கம் முடிந்தது' என்று இரண்டு வரி. அது போவது க்ரிஷ்ஷின் முகவரிக்கு. வேண்டாம் என்றால் ஒரு க்ளிக்கில் நிறுத்திவிடலாம். மூன்று வருஷமாக அவன் நிறுத்தவில்லை. கணக்கின் செட்டிங்கில் போய் தினமும் காலையில் பார்ப்பார் வெங்கடகிருஷ்ணன். அறிவிப்புகள் தேவை என்ற கட்டத்தில் டிக் அப்படியே இருக்கும். அதைப் பார்த்துவிட்டுத்தான் காபி குடிப்பார்.

"அவன் அந்த மெயிலைத் திறந்தே பாக்காம இருக்கலாம்" என்றாள் ஷ்யாமளா.

"பாக்காதவன் நிறுத்தியிருப்பானே."

"பாக்காதவனுக்கு நிறுத்தணும்னே தோணாது. எனக்கு வர்ற கூப்பன் மெயிலை எல்லாம் நான் நிறுத்தினேனா?"

அதற்குப் பிறகு அவர் அவளோடு இந்தப் பேச்சை எடுக்கவில்லை.

பக்கங்கள் குறையக் குறைய அவருக்குப் பயம் பிடித்துக்கொண்டது. கப்பல் முடிந்தால் மெயிலும் முடிந்தது. ஒரு நாளைக்கு நாலு பக்கம் செய்தவர் ஒன்று செய்தார், பிறகு வாரத்துக்கு இரண்டு. சிட்னியில் அல்தீனா நின்ற மூன்று வாரத்தில் ஒன்பது மாலுமிகள் கரைக்குப் போய்த் திரும்பவில்லை. பதிவேட்டில் அவர்கள் பெயர் ஒரு வரி, அடுத்த வரியில் 'காற்று தென்கிழக்கு, வானம் தெளிவு.' அதைப் படித்த அன்று அவருக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. ஒரு மனுஷன் போயிட்டான், இவனுக்குக் காத்து கேக்கறதா என்று அந்த லெப்டினன்ட்டை வைதார். அவன் செத்து நூறு வருஷம் ஆகியிருக்கும்.

போன செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை, காய்கறிக் கடையில் முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தபோது இளமாறன் பின்னால் வந்து நின்றான். முன்பு ஒரே ரயிலில் போய்வந்த பழக்கம்.

"சார், போன வாரம் ஆபீஸ் வேலையா கலிபோர்னியாவுல மில்பிடாஸ் போயிருந்தேன். அங்க ஒரு தோசைக் கடையில உங்க பையனப் பாத்தேன்."

வெங்கடகிருஷ்ணன் முருங்கைக்காயைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். "எப்படி இருக்கான்?"

"நல்லா இருக்காப்ல சார். தாடி விட்டிருக்காப்ல. ஏதோ சிப் கம்பெனியில டெஸ்டிங் டெக்னீஷியன், ஷிஃப்ட் வேலையாம். நான்தான் போய்ப் பேசினேன்."

"என்னைப் பத்திக் கேட்டானா?"

"கேட்டான்னு சொல்ல முடியாது சார். அவனே ஒண்ணு சொன்னான், எனக்குத்தான் புரியல. அப்பா எய்ட்டி சிக்ஸ்க்கு வந்துட்டாரு, சீக்கிரம் முடிஞ்சிரும்னு. உங்க வயசச் சொல்றானோன்னு பயந்துட்டேன்."

அவர் வயது அறுபத்தொன்று. அல்தீனாதான் ஆயிரத்து எண்ணூற்று எண்பத்தாறில் இருந்தது.

அன்றைக்குக் காரை ஓட்டிக்கொண்டு எப்படி வீடு வந்து சேர்ந்தார் என்று அவருக்கே தெரியாது. படிக்கிறான். ஒவ்வொரு மெயிலையும் படிக்கிறான். தேதியைக் கூட நினைவு வைத்திருக்கிறான். ஷ்யாமளாவிடம் சொன்னபோது அவளும் சமையலறையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். இரண்டு பேரும் ரொம்ப நாளைக்குப் பிறகு வெளியே போய்ச் சாப்பிட்டார்கள்.

சந்தோஷம் மனுஷனுக்குக் கண்ணை மறைக்கும், வெங்கடகிருஷ்ணனுக்குக் கொஞ்சம் அதிகமாகவே மறைக்கும். அடுத்த மாதம் தளத்தில் க்ரிஷ்ஷின் கணக்குக்கு ஒரு படிவம் வந்திருந்தது. அல்தீனா கடலில் இறங்கிய நாள் முதல் கடைசி நாள் வரையான பணி வரலாற்றைப் புத்தகமாகப் போடப்போகிறார்கள். பதிவேடுகளைப் படித்துக் கொடுத்த முக்கியமான தன்னார்வலராக உங்கள் பெயரை முதல் பக்கத்தில் அச்சிடலாமா, யாருக்காவது சமர்ப்பணம் செய்ய விரும்பினால் ஒரு வரி எழுதுங்கள் என்று கேட்டிருந்தார்கள்.

படிவத்தை மூடிவிட்டுப் பையனுக்குத் தகவல் சொல்லியிருக்கலாம். இளமாறன் மூலமாகவாவது கேட்டிருக்கலாம். இந்த மனிதர் என்ன செய்தார் தெரியுமா? சம்மதம் என்று டிக் போட்டார். சமர்ப்பணக் கட்டத்தின் முன்னால் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு, 'இந்தக் கப்பலை என்னோடு சேர்ந்து படித்த என் அப்பாவுக்கு' என்று க்ரிஷ் எழுதுகிற மாதிரி எழுதி அனுப்பிவிட்டார். அச்சில் அதைப் பார்த்தால் பையன் மனசு இளகும் என்று நினைத்தாராம். ஷ்யாமளாவிடம் மூச்சு விடவில்லை. சொன்னால் அவள் என்ன சொல்வாள் என்று தெரியும்.

படிவம் கிடைத்தது என்ற உறுதிக் கடிதம், எழுதிய வரி உட்பட, வழக்கம்போல் மில்பிடாஸில் இருக்கிறவனுக்குப் போயிற்று.

ஐந்தாம் நாள் காலை, ரயிலுக்குக் கிளம்பும்போது அவருடைய மெயிலில் க்ரிஷ்ஷின் பெயர் இருந்தது. மூன்று வருஷத்தில் முதல் தடவை. ஆனால் கடிதம் அவருக்கு அல்ல. இங்கிலாந்தில் இருக்கிற ஒருங்கிணைப்பாளர் அம்மாளுக்கு எழுதி, அவருக்கு நகல் போட்டிருந்தான்.

'அன்புடையீர், என் பெயரை அச்சிட வேண்டாம். இந்தக் கணக்கில் முதல் பதினோரு பக்கங்களை மட்டுமே நான் செய்தேன். மற்ற நாலாயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டும் என் தந்தை திரு. வெங்கடகிருஷ்ணன் செய்தவை. என் பதினோரு பக்கங்களில் இருந்த பிழைகளையும் அவர்தான் திருத்தினார். அவர் கவனமானவர். அவருடைய வேலையை நம்பலாம். இந்த வேலைக்காக எனக்கு ஒரு காலேஜில் இடம் கிடைத்தது, அது எனக்கு உரியதல்ல. இதற்காக யாரும் எனக்கு இனி நன்றி சொல்ல வேண்டாம். அந்தச் சமர்ப்பண வரியும் நான் எழுதியதில்லை. என்றாவது ஒரு நாள் நானே அப்படி ஒரு வரி எழுதியிருப்பேன். இனிமேல் முடியாது. கணக்கை மூடிவிடுங்கள்.'

அதற்குக் கீழேயே அந்த அம்மாளின் பதிலும் வந்திருந்தது, மரியாதையாக இரண்டு வரி. இது சரிதானா என்று திரு. வெங்கடகிருஷ்ணன் உறுதிசெய்ய வேண்டும். செய்தால் பெயரை மாற்றிவிடலாம்.

அன்றைக்கு அவர் ரயிலுக்குப் போகவில்லை. ஷ்யாமளா கடிதத்தை இரண்டு தடவை படித்தாள். படித்து முடித்ததும் அவள் கேட்டது ஒன்றுதான்.

"சமர்ப்பணமா? என்ன சமர்ப்பணம்?"

சொன்னார். அவள் சத்தம் போடுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள்.

"அவன் உங்களைப் பத்தி நல்லதா எழுதியிருக்கான் பாத்தேளா. கவனமானவர், நம்பலாம்னு. அந்தச் சமர்ப்பண வரியும் உங்களுக்கு அவன் கையாலயே வந்திருக்கும். நீங்கதான் அவசரப்பட்டு எழுதிண்டேள்."

அவர் பதில் எழுத உட்கார்ந்தார். முதலில் எழுதியது, குடும்பத்துக்குள் சிறு குழப்பம் என்று ஆரம்பித்தது. பையன் அடக்கத்தினால் இப்படிச் சொல்கிறான் என்றுகூட ஒரு வாக்கியம் போட்டார். பின்னால் நின்று ஷ்யாமளா படித்துக்கொண்டிருந்தாள்.

"எல்லா அப்பாவும் பண்றதுதானேன்னு அதையும் எழுதிடுங்கோ, பாக்கி எதுக்கு?"

அவர் அத்தனையையும் அழித்தார். மத்தியானம் வரைக்கும் வெள்ளைத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இதை உறுதிசெய்தால் கணக்கு போய்விடும். கணக்கு போனால் மில்பிடாஸுக்கு இனி ஒரு வரியும் போகாது. உறுதிசெய்யாவிட்டால் பையன் பொய்யன் ஆவான். இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று நமக்குத் தோன்றலாம். மூன்று வருஷமாக ஒரு டிக் குறியைப் பார்த்துக் காபி குடித்தவருக்கு அது லேசில்லை. அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டதை ஷ்யாமளா பார்த்தாள்.

கடைசியில் நாலு வரி எழுதினார். என் மகன் சொல்வது முழுக்க உண்மை. அவன் வேண்டாம் என்றான், கேட்காமல் அவன் பெயரில் நான் செய்தேன். சமர்ப்பண வரியை எழுதியதும் நான்தான். அவனுக்குச் சேர வேண்டிய வாழ்க்கையை என் அவசரத்தினால் கெடுத்தேன், தப்பு என்னுடையது.

அந்த அம்மாளுக்கு மட்டும் அனுப்பினால் போதும். அவர் 'எல்லாருக்கும் பதில்' என்பதை அழுத்தினார்.

இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது. வேலைக்கு நன்றி, பழைய கணக்கை மூடிவிட்டோம், புத்தகத்தில் உங்கள் பெயரைப் போடுகிறோம், சமர்ப்பணம் நீக்கப்பட்டது, மீதி இருக்கிற ஒரு பக்கத்தை உங்கள் சொந்தக் கணக்கில் முடித்துக் கொடுக்க முடியுமா என்று எழுதியிருந்தாள். அந்தக் கடிதத்தில் நகல் என்ற இடம் காலியாக இருந்தது. க்ரிஷ்ஷிடமிருந்து ஒன்றும் வரவில்லை.

அவர் தன் பெயரில் கணக்கு ஆரம்பித்தார். கடைசிப் பக்கம் எண்பத்தாறு நவம்பர், இங்கிலாந்தில் ஷியர்னெஸ் துறைமுகம். கொடியை இறக்கினார்கள், ஆட்கள் சம்பளம் வாங்கிக்கொண்டு இறங்கினார்கள், சாவிகளைத் துறைமுக அதிகாரியிடம் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு கப்பலைக் கரி சேர்க்கும் கிடங்காக மூன்று வருஷம் வைத்திருந்து உடைக்க விற்றார்கள் என்பது அவர் வேறு இடத்தில் படித்தது. பதிவேட்டில் அது கிடையாது. இருபது நிமிஷ வேலை. முக்கால் மணி நேரம் எடுத்துக்கொண்டு, காற்றையும் கடல் சூட்டையும் இரண்டு தடவை சரிபார்த்து முடித்தார்.

ஷ்யாமளா உள்ளே வந்தபோது அவர் மெயிலைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"அவன் ஏதாவது எழுதினானா?"

"இல்ல."

"நீங்க எழுதினது அவனுக்குப் போச்சோல்லியோ?"

"போச்சு. படிச்சிருப்பான்."

அவள் ஜன்னலோரம் போய் நின்றுகொண்டாள். "அன்னிக்கு இதே ஹால்ல பெட்டியை வெச்சுண்டு ஒரு வாரம் இருந்தான். தினம் உங்க எதிர்ல வந்து வந்து உக்காந்தான். இந்த நாலு வரியை அப்ப சொல்லியிருந்தா அவன் போயிருக்க மாட்டான்."

வெங்கடகிருஷ்ணன் மெயிலை மூடினார்.

"தெரியும்" என்றார். "அதுக்குத்தான் உக்காந்தான்னு அப்பவே தெரியும்."